பொறிவண்டா, கண்ணாடி இறக்கைப் பூச்சியா? வயலில் அடையாளம் காண்பது எப்படி

தட்டைப்பயறில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏறிவிட்டதா? மருந்தைக் கலக்குவதற்கு முன்னால் இலையைத் திருப்பிப் பாருங்கள், அசுவினியைத் தின்னும் நம்ம ஆட்கள் யாராவது ஏற்கனவே அங்கே வேலையில் இருக்கலாம். மஞ்சள் முட்டைகள் கொத்தாக நிமிர்ந்து நின்றால் பொறிவண்டு. மெல்லிய வெள்ளைக் காம்பின் நுனியில் ஒற்றை முட்டை ஆடிக்கொண்டிருந்தால் அது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி, வேறு யோசனையே வேண்டாம்.

புழுவில்தான் குழப்பம். பொறிவண்டின் புழு கருப்பாக, ஆரஞ்சுப் புள்ளிகளோடு குட்டி முதலை மாதிரி ஊரும், அசுவினியை மென்று தின்னும். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு பழுப்பு நிறம். முன்னால் வளைந்த இரண்டு தாடை நீட்டிக்கொண்டிருக்கும், அதால் அசுவினியைக் குத்திச் சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடிப் போகும்.

வளர்ந்த பொறிவண்டும் அசுவினி தின்னும். ஆனால் வயலில் விடுகிற கிரைசோபெர்லா வகைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி, இறக்கை முளைத்தபின் தேனும் மகரந்தமும் தேடும், அதனால் வரப்பில் கொத்தமல்லியோ சூரியகாந்தியோ பூத்திருந்தால் நல்லது.

அப்புறம், கத்தரியில் உஷார். பொறிவண்டு மாதிரியே தெரிந்தாலும், மங்கலாக, மெல்லிய ரோமத்தோடு இருக்கும் எபிலாக்னா வண்டு இலையைச் சுரண்டித் தின்கிற களவாணி. அதன் புழு மஞ்சள், உடம்பெல்லாம் முள். இந்த வண்டு, அதன் புழு இரண்டையும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.