நல்லூருக்குப் போகக் காசு சேர்க்கும்போது நாம் விடுகிற பிழைகள்

போன வருடம் யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேர் பார்த்துவிட்டு, விடியப்புறம் கொழும்பு வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கினோம். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில். என் கையில் மிஞ்சியிருந்தது 700 ரூபா. வீட்டில் பால்மா டின்னைத் திறந்தால் அடியில் இரண்டு கரண்டிதான் கிடந்தது. சம்பளத்துக்கு இன்னும் 11 நாள். வளையல் ஒன்றை அடைவு வைத்துத்தான் அந்த நாட்களை ஓட்டினோம். வட்டியோடு அதை மீட்கத் தைப்பொங்கல் ஆகிவிட்டது.

கணக்கில் விட்ட பிழை அன்றுதான் பிடிபட்டது. போக்குவரத்து, அறை, சாப்பாடு என்று எழுதிக் கூட்டியிருந்தோம். திரும்பி வந்த பிறகு அடுத்த சம்பளம் வரை சாப்பிட வேண்டுமே, அதை யாரும் எழுதவில்லை. பயணச் செலவு என்பது வாசலைத் தாண்டும் நாளில் தொடங்கி அடுத்த சம்பள நாளில்தான் முடிகிறது. இப்போது அந்த நாட்களுக்கான காசைத் தனி உறையில் போட்டு, ஒட்டி, சாமித்தட்டில் வைத்துவிட்டுத்தான் புறப்படுகிறோம்.

அடுத்தது, மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்ப்போம் என்று இருப்பது. கொழும்பு வாழ்க்கையில் மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்தால்தான் உண்டு. மொத்தம் 60,000 ரூபா வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் முன்பே தொடங்கினால் மாதம் 10,000. திருவிழா நெருங்குகிறது என்றதும் திடுக்கிட்டு, இரண்டு மாதத்தில் சேர்க்கப் பார்த்தால் மாதம் 30,000. அது முடியாமல்தான் கடன் வாங்குகிறோம். எடுத்து வைத்த காசு சம்பளம் விழுகிற அதே கணக்கில் கிடந்தாலும் நில்லாது. கார்ட் இல்லாத ஒரு சேமிப்புப் புத்தகம் போதும். போய் வரிசையில் நின்று எடுக்க வேண்டியிருந்தால் கை தானாக அடங்கும்.

சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் சீட்டையே சேமிப்பு என்று நினைக்கிறோம். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 10,000, ஒரு லட்சம் ரூபாச் சீட்டு. பயணம் மூன்றாம் மாதத்தில் வருகிறது என்று கழிவு கூறி, அதாவது ஒரு தொகையை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து, எடுக்கிறீர்கள். கழிவு 15,000 போனால் கைக்கு வருவது 85,000. அதற்குப் பிறகு இன்னும் ஏழு மாதம் கட்ட வேண்டும். இது சேமிப்பு இல்லை, கடன். கடைசி மாதங்களில் எடுப்பவருக்குத்தான் சீட்டு சேமிப்பு. ஆகவே சீட்டில்தான் சேர்ப்பது என்றால், போன திருவிழா முடிந்த கையோடு தொடங்குகிற சீட்டில் சேருங்கள், அதுவும் நன்றாகத் தெரிந்த தாச்சியிடம், அதாவது சீட்டை நடத்துபவரிடம். கடன் அட்டையில் போய்வந்து தவணையில் கட்டுவதும் இதே கதைதான், வட்டி மட்டும் கூட.

மிச்சம் பிடிக்கிறேன் என்று பிள்ளைகளின் முட்டையிலும் பாலிலும் கை வைக்காதீர்கள். கரண்ட் பில்லைத் தள்ளிப் போடுவதும் வேண்டாம், அடுத்த மாதம் இரண்டாகச் சேர்ந்து வரும். ஒட்டோவைப் பாருங்கள். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குக் காலி வீதியில் 100, 101 பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவசரம் இல்லாத நாளிலும் ஒட்டோவுக்குக் கொடுத்ததை ஒரு மாதம் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். பயணத்துக்கு மாதம் எடுத்து வைக்க வேண்டிய தொகையில் பாதி அதில் இருந்தது.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் காசு இருக்கிறது. நல்லூர்த் திருவிழா 25 நாள். எல்லோரும் 24ஆம் நாள் தேருக்கே போக நினைப்பதால் அந்தக் கிழமை அறை வாடகை ஏறிவிடும், பஸ்ஸில் சீட்டும் கிடைக்காது. கொடியேறிய பிறகு வரும் சாதாரண வார நாட்களில் போனால் வாடகையும் குறைவு, பிள்ளைகளைத் தோளில் தூக்காமலே சாமியும் பார்க்கலாம். வீட்டில் யாராவது அரச உத்தியோகத்தில் இருந்தால் அவர்களுக்குக் கிடைக்கும் இலவச ரயில் பயணச் சீட்டான வாறண்டை மறக்க வேண்டாம். பதிவு திறந்ததும் ஆசனத்தை எடுத்துவிடுங்கள்.

சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் செலவில்லை என்பதும் சரியில்லை. வெறுங்கையோடு போக மாட்டோம், நாலு நாள் இருந்தால் சந்தைக்கும் நாம்தான் ஒரு தரமாவது போக வேண்டும், அதுதான் மரியாதை. அதையும் முதலே எழுதி வையுங்கள். ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கும் ஒடியல் மா, பனங்கட்டி, அங்கே இடித்து எடுக்கும் மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் பயணக் கணக்கில் போடாதீர்கள். மூன்று மாதத்துக்குக் கொழும்பில் வாங்க வேண்டியதைத்தான் அங்கே வாங்குகிறோம். அது சமையல் காசில் வர வேண்டியது.

கோயிலுக்குள் நம் காசு போவதில்லை. நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா, இன்றைக்கும். கரைவது வெளிவீதிக் கடைகளில்தான். முந்தி பிள்ளைகள் கேட்கக் கேட்க வாங்கிக் கொடுப்போம், பிறகு கத்துவோம். இந்த முறை ஆளுக்கு 1,000 ரூபாவை முதல் நாளே கையில் கொடுத்து, இதுதான் முழுப் பயணத்துக்கும் என்று சொல்லப் போகிறோம். மகளிடம் போன கிழமை சொன்னேன். கொப்பியின் பின்பக்கத்தில் அவள் முதலில் எழுதியது: கச்சான், 200 ரூபா.