அரிசி ஆலைக்கு நெல் கொள்முதல் பட்ஜெட் போடுவது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜனவரி முதல் மார்ச் வரை எவ்வளவு நெல் வாங்க வேண்டும், அதற்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடுவதுதான் நேரடி மூலப்பொருள் கொள்முதல் பட்ஜெட். இங்கே நேரடி மூலப்பொருள் நெல் மட்டுமே. கொதிகலனுக்குப் போகும் உமியையும் மின்கட்டணத்தையும் இதில் சேர்க்கக்கூடாது.

முதலில் உற்பத்தித் திட்டத்தை எடுங்கள். அரிசி உற்பத்தி ஜனவரியில் 68 டன், பிப்ரவரியில் 81.6 டன், மார்ச்சில் 95.2 டன். அரசு அரைவைக்கு வைத்திருக்கும் அளவுகோலின்படி புழுங்கலுக்கு நூற்றுக்கு 68 கிலோ அரிசி கிடைக்கும் என்று கொண்டால், தேவைப்படும் நெல் முறையே 100, 120, 140 டன். உங்கள் ஆலையின் அரைவைப் பதிவேட்டில் வேறு விகிதம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கையிருப்பு. மாத இறுதியில் அடுத்த மாதத் தேவையில் 20 சதவீதம் குடோனில் இருக்க வேண்டும் என்று வைப்போம். ஏப்ரல் தேவை 120 டன். ஜனவரி தொடக்கத்தில் இருப்பு 20 டன்.

கொள்முதல் = உற்பத்தித் தேவை + இறுதிக் கையிருப்பு − தொடக்கக் கையிருப்பு.

ஜனவரி: 100 + 24 − 20 = 104 டன்.
பிப்ரவரி: 120 + 28 − 24 = 124 டன்.
மார்ச்: 140 + 24 − 28 = 136 டன்.

ஒரு மாதத்தின் இறுதி இருப்பே அடுத்த மாதத்தின் தொடக்க இருப்பு. புதிதாகக் கணக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஆனால் டெல்டாவில் இந்த 20 சதவீதம் மார்ச் மாதத்துக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. சம்பா, தாளடி அறுவடை முடிந்துவிட்டால், பம்புசெட் உள்ள இடங்களில் விளையும் கோடை நெல்லைத் தவிர, குறுவை வரும் வரை வரத்து குறைவு. ஆகவே ஏப்ரல் தேவையான 120 டன்னையும் மே மாதத் தேவையான 100 டன்னையும் மார்ச் இறுதியிலேயே இருப்பில் வைக்கத் திட்டமிட்டால், மார்ச் கொள்முதல் 140 + 220 − 28 = 332 டன் ஆகிவிடும். அந்த 220 டன்னை வைக்கக் குடோனில் இடமும் வாங்கப் பணமும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இந்த எண்ணை உறுதி செய்யுங்கள்.

கடைசியாக ஈரப்பதம். மேலே உள்ள எண்கள் அனைத்தும் 14 சதவீத ஈரத்தில் காய்ந்த நெல்லுக்கானவை. களத்திலிருந்து 17 சதவீத ஈரத்தோடு வாங்கும் 100 கிலோ நெல், காய்ந்த பின் ஏறத்தாழ 96.5 கிலோதான் நிற்கும். ஆகவே ஜனவரியின் 104 டன்னுக்கு ஏறத்தாழ 107.8 டன் எடை போட்டு வாங்க வேண்டும். கிலோ 24 ரூபாய் என்று கொண்டால், ஈரத்தைக் கணக்கில் எடுக்காத பட்ஜெட் 24,96,000 ரூபாய் காட்டும். உண்மையில் இன்னும் சுமார் 90,000 ரூபாய் தேவைப்படும். விவசாயிக்கு எடைபோட்ட உடனே பணம் கொடுப்பதாக இருந்தால், இந்தத் தொகை அந்த மாதமே கையில் இருக்க வேண்டும்.