ஆரைக்கீரை வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரணி (ஃபெர்ன்) என்றாலே நிழல் வேண்டும் என்று முடிவுகட்டி, ஆரைக்கீரைத் தொட்டியை மரத்தடியில் வைத்துவிடுகிறார்கள். குளத்தின் ஓரச் சேற்றில் திறந்த வெயிலில் படரும் பெரணி இது. நிழலில் காம்புதான் நீளும். இலை சிறுத்து வெளிறிவிடும். தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படட்டும்.

அதற்கு முன், கையில் இருப்பது ஆரைதானா என்று பாருங்கள். புளியாரைக்கு மூன்று இலை, மஞ்சள் பூ. ஆரைக்கு நான்கு இலை; பெரணி என்பதால் பூக்கவே பூக்காது.

தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்த வழக்கமான தொட்டிக் கலவை இதற்கு ஆகாது. நார்த்தூள் மிதக்கும், உரத்தின் சத்தைப் பாசி முந்திக்கொள்ளும். அடியில் ஓட்டையில்லாத அகலத் தொட்டியில் களிப்பான வண்டல் மண் நாலு விரல் கனம் போதும். படரும் தண்டை ஆழப் புதைக்காமல், வேர் மட்டும் சேற்றில் பதியும்படி அழுத்துங்கள். மாலையில் இலைகள் மடிவதைக் கண்டு வாடிவிட்டது என்று பதற வேண்டாம். காலையில் தானே விரியும்.

பெரிய தவறு, ஆண்டு முழுவதும் தொட்டியைத் தளும்பத் தளும்ப வைத்திருப்பது. ஆழநீரில் இலை மிதக்கும், ஆழம் குறைந்தால் நிமிர்ந்து நிற்கும். நீர் வடிந்து சேறு இறுகும் காலத்தில்தான் காம்பின் அடியில் கெட்டித் தோலுள்ள சிறு வித்துப்பைகள் (விதைக்குப் பதில் பெரணிக்கு இருக்கும் நுண்ணிய வித்துகளின் உறைகள்) உருவாகின்றன. ஆகவே ஆண்டுக்கொரு முறை நீரை வற்றவிடுங்கள். அப்போது இலை கருகினால் செடி செத்தது என்று மண்ணைக் கொட்டிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தண்டில் உயிர் இருக்கும். வித்துப்பைகளோ பல ஆண்டு வறட்சியைத் தாங்கும். நீர் விட்டால் மீண்டும் துளிர்க்கும். வித்துப்பையிலிருந்து முளைக்க வைக்க விரும்பினால், தோலை லேசாகக் கீறி நீரில் போடுங்கள். உள்ளிருந்து வழவழப்பான இழை ஒன்று வெளிவரும். வித்துகள் அதில்தான் இருக்கும். கீறாமல் போட்டால் நீர் உள்ளே இறங்காமல் அப்படியே கிடக்கும்.

கொசுவுக்காக நீரை வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

நாற்றுக்காகக் குளக்கரையில் திட்டாகப் படர்ந்த ஆரையை அடியோடு பிடுங்க வேண்டாம், கணுவுள்ள ஒரு சாண் தண்டு போதும். மிஞ்சியதை வேறு நீர்நிலையில் வீசவும் கூடாது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் அருகிவரும் நாலிலை ஆரை, வட அமெரிக்காவில் அயல் செடியாகப் பரவியிருக்கிறது. அதிகமானதை வெயிலில் காயவைத்து, வித்துப்பைகளைப் பொறுக்கி எடுத்தபின் மட்கவிடுங்கள்.