ஊரடங்கு வந்தாலும் மாத்திரை நிற்கக் கூடாது

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய், க்ளோசபின் சாப்பிடுகிறான். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பைக் கேட்டதும் எங்கள் வீட்டில் அரிசி பருப்புக்கு முன்னால் அவனுடைய மாத்திரை அட்டைகளைத்தான் எண்ணினோம். மீண்டும் ஒரு பெருந்தொற்று வந்தால் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கையிருப்பு தீர இரண்டு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். மருந்துச் சீட்டைச் செல்பேசியில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். க்ளோசபின் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவையே மறுபடி கொடுக்கக் கூடாது. மருத்துவர் 12.5 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார். அதற்குள் நோய் தலைதூக்கிவிடலாம். எனவேதான் கையிருப்பை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

மருத்துவர்கள் தொலைபேசியிலும் காணொளியிலும் மருத்துவம் பார்ப்பதற்கான நெறிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. அழைப்பதற்கு முன் தூக்கம், சாப்பாடு, தவறிய மாத்திரைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி தனியாகப் பேசவும் கொஞ்ச நேரம் விடுங்கள். அது அவருடைய உரிமை. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளைத் தொலைபேசி வழியே எழுதித்தர அந்த நெறிமுறைகள் இடம் தரவில்லை. அவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால், தீருமுன் நேரில் போய்விடுங்கள்.

பீடி, சிகரெட் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. புகையிலைப் புகை க்ளோசபினைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. கடைகள் மூடிப் புகைப்பது நின்றால், அதே மாத்திரை இரத்தத்தில் கூடிவிடும்: ஓயாத தூக்கம், எச்சில் வழிதல், தலைசுற்றல், சிலருக்கு வலிப்பு. நிக்கோட்டின் சூயிங்கம் மென்றாலும் இது மாறாது, காரணம் புகைதான். புகைப்பது குறைந்தாலே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்தால் கொரோனா பரிசோதனை மட்டும் போதாது. க்ளோசபின் இரத்த வெள்ளையணுக்களைக் குறைத்துவிடக் கூடும் என்பதால், அதைச் சாப்பிடுபவருக்கு அன்றே அவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் நீர்ச்சத்தைக் குறைத்தால் மருந்து நஞ்சாகலாம். இபுபுரூபன் வலிமாத்திரையும் அந்த ஆபத்தைக் கூட்டும். கை பலமாக நடுங்கி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

தம்பிக்குக் கேட்கும் குரல்கள் அந்த மாதங்களில் கிருமியைப் பற்றியே பேசின. அவனோடு வாதாடாமல், அவன் இருக்கும் அறையில் செய்தி ஓடாமல் பார்த்துக்கொண்டோம்.

தொற்று வார்டில் சேர்க்க நேர்ந்தால் மருந்துகளின் பெயர், அளவு, நேரம், மனநல மருத்துவரின் எண் ஆகியவற்றை எழுதிக் கூடவே அனுப்புங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தன் சார்பில் பேசும் பிரதிநிதியை நோயாளியே நியமிக்கலாம். நோயாளி தெளிவாக இருக்கும் நாளில், அப்படி நியமிக்கும் கடிதத்தில் அவருடைய கையெழுத்தை வாங்கி வையுங்கள். அவசர யோசனைக்கு டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையை, 14416 எண்ணில் தமிழிலேயே எந்நேரமும் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவைக்குக் கட்டணமில்லை.