வெயிலைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்: பார்சலோனாவில் நான்கு நாள்

மகளோ மருமகனோ பாரிசில் இருப்பதால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போய்வருகிற குடும்பங்கள் நம் மொரீஷியஸில் நிறைய. எங்களுடையதும் அப்படித்தான். போகிறவர்களிடம் எல்லாம் நான் சொல்வது இது: அந்தப் பயணத்தில் நான்கு நாளை ஒதுக்கி பார்சலோனாவைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் ரோஸ் ஹில்லில் முப்பது வருஷமாக வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவன். நடைபாதையிலிருந்து கூரை உச்சிவரை எங்கள் தொழிலை இவ்வளவு மதித்த வேறு ஊரை நான் பார்த்ததில்லை.

2017-ல் முதல்முறை போனபோது டிக்கெட் எடுக்காமல் சக்ராதா ஃபமீலியா என்ற தேவாலயத்தின் வாசலில் போய் நின்றோம். அன்றைக்கும் இடமில்லை, மறுநாளைக்கும் இல்லை. வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். என் வீட்டுக்காரி வழியெல்லாம் பேசவே இல்லை. 2023-ல் மறுபடி போனபோது எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிந்துகொண்டேன். அதோடு, எந்தக் கட்டடத்தில் எந்த நேரத்துக்கு வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்துத்தான் நேரம் குறித்தேன். டைல்ஸ் எடுக்க வருகிறவர்களிடம், கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று சொல்வோம். கட்டடத்துக்கும் அதே கணக்குதான்.

போக நல்ல காலம் ஏப்ரல் பின்பாதி. வருஷப் பிறப்பைக் கோயிலில் முடித்துக்கொண்டு கிளம்பலாம். ஈஸ்டர் வாரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கூட்டம் தாங்காது. ஆகஸ்டும் வேண்டாம், வெக்கை. ஏப்ரல் மாலைகளில், நம் ஊர்க் குளிர்காலமான ஜூலை மாதத்து க்யூர்பிப் போலக் குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் போதும். நம் பாஸ்போர்ட்டுக்கு ஸ்பெயின் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்வரை விசா வேண்டாம் என்பதால் அந்த அலைச்சலும் இல்லை.

பாரிசிலிருந்து விமானத்தில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். நான் ரயிலைத்தான் சொல்வேன். பாரிசின் கார் த லியோன் ரயில் நிலையத்தில் ஏறினால் ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் பார்சலோனா சான்ட்ஸ் நிலையம். ரயில் போகும் திசைக்கு இடப்பக்கம் சன்னலோரம் கேளுங்கள். மோன்பெலியே தாண்டியதும் உப்பங்கழிகள் கூடவே வரும், நடுநடுவே கடலும் தெரியும். விமானத்தில் போகிறவர்களுக்கு விமான நிலையத்திலிருந்து ஊர் நடுவிலுள்ள பிளாசா கதலூன்யா சதுக்கத்துக்கு நேர்ப் பேருந்து இருக்கிறது. ஊருக்குள் சுற்ற டி-காஷுவல் என்று பத்துப் பயண அட்டை வாங்குங்கள். ஓர் அட்டை ஒருவருக்குத்தான், இருவர் பகிர முடியாது. விமான நிலைய மெட்ரோவில் அது செல்லாது.

தங்குவது எஷாம்ப்லா பகுதியில், இல்லையென்றால் அதை ஒட்டிய க்ராசியாவில் இருக்கட்டும். எஷாம்ப்லா 1859-ல் இல்டெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் வரைந்த திட்டம். எல்லா மனைத்தொகுதியும் ஒரே அளவுச் சதுரம், நான்கு மூலையும் சீவியிருக்கும். அதனால் ஒவ்வொரு சந்திப்பும் சின்னச் சதுக்கம் போல விரிந்து வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. எல்லாச் சந்திப்பும் ஒன்றுபோலவே இருக்கும், ஆகவே பக்கத்து மெட்ரோ நிலையத்தின் பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது கீழேயும் பாருங்கள். நடைபாதை சிமென்ட் ஓட்டில் நான்கு இதழ்ப் பூ அச்சிட்டிருக்கும். தெருத்தெருவாக அதே பூ. பாசெய்க் த க்ராசியா சாலையில் மட்டும் அறுகோண ஓடு. இந்த ஊரின் பெரிய கட்டடக் கலைஞர் கௌடி ஒரு வீட்டுக்குள் போட என்று வடிவமைத்த ஓட்டின் சாயலில், கடல் உயிரினங்கள் புடைத்து நிற்க, சாலை முழுக்கப் பதித்திருக்கிறார்கள். நான் அங்கே குனிந்து குனிந்து பார்த்தே அரை மணி நேரம் போயிற்று.

இனி சக்ராதா ஃபமீலியா. இதற்கு டிக்கெட்டை அதன் சொந்தத் தளத்திலேயே சில வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். மற்ற நாட்களை இதைச் சுற்றி அமையுங்கள். 1882-ல் தொடங்கிய வேலை, மறுவருஷம் அந்தோனி கௌடி கைக்கு வந்தது. 1926 ஜூனில் டிராம் மோதி மூன்றாம் நாள் அவர் இறக்கும்வரை அதிலேயே கிடந்தார். உடலும் அங்கேயே நிலவறையில் இருக்கிறது. மக்கள் கொடுக்கும் காணிக்கையில் எழும்பும் கோயில் அது, இன்று நம் டிக்கெட் காசும் அதில் சேர்கிறது. ரசீதுப் புத்தகம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கும்பாபிஷேகத்துக்குப் பணம் சேர்த்தவர்களுக்கு அந்த இடத்தில் நிற்கும்போது என்ன தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் நீலமும் பச்சையும். மேற்குப் பக்கம் சிவப்பும் ஆரஞ்சும். காலை ஒன்பதரைக்குப் போனால் மரம்போல் கிளைவிட்ட தூண்கள் நீலத்தில் நனைந்திருக்கும். மாலை ஐந்துக்குமேல் போனால் அதே தூண்கள் தீப்பிடித்ததுபோல் நிற்கும். ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் மாலையைச் சொல்வேன். என் வீட்டுக்காரி இன்றும் காலைதான் என்பாள், முதல்முறை தவறவிட்டதற்காக அடுத்தமுறை இரண்டு வேளையும் போய்ப் பார்த்தோம். கிழக்கு முகப்பில் கல்லே இலையும் கொடியுமாகப் பொங்குகிறது. மேற்கு முகப்பில் சுபிராக்ஸ் என்ற சிற்பி பின்னால் செதுக்கிய உருவங்கள் எலும்பும் கோணமுமாக இருக்கும். கோபுரம் ஏறுகிறவர்களை லிஃப்ட் மேலே விடும், ஆனால் இறங்குவது குறுகலான சுழல் படிகளில். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருக்கட்டும். தோள் மூடிய உடை வேண்டும். சேலையோ சுரிதாரோ கட்டியவர்களுக்குக் கவலையில்லை.

அங்கிருந்து கௌடியின் பெயர் கொண்ட சாலையில் பத்து நிமிஷம் நடந்தால் சான்ட் பாவ் மருத்துவமனை. லூயிஸ் டொமேனெக் கட்டியது, 2009 வரை அங்கே நோயாளிகள் இருந்தார்கள். தோட்டத்துக்கு நடுவே தனித்தனிக் கூடங்கள், மண்ணுக்கடியில் அவற்றை இணைக்கும் பாதைகள், மேலே ஓடு பதித்த குவிமாடங்கள். படுத்துக் கிடக்கும் நோயாளி நிமிர்ந்து பார்த்தால் கண்ணுக்குப் பூ தெரிய வேண்டும் என்று உழைத்திருக்கிறார்கள். பலர் இதை விட்டுவிட்டு வருகிறார்கள். விடாதீர்கள்.

கௌடி கட்டிய வீடுகளான காசா பட்யோ, காசா மிலா இரண்டுக்கும் உள்ளே போக ஆளுக்கு 25 யூரோவுக்கு மேல் ஆகும். ஒன்று போதும் என்றால் பட்யோ. வீட்டின் நடுவே வெளிச்சத்துக்காக விட்ட கிணறு போன்ற முற்றத்தின் சுவர்களில் நீல டைல்ஸ். உச்சியில் கருநீலம், கீழே வரவர வெளிறி வெண்மை. சன்னல்கள் மேலே சிறியவை, கீழே பெரியவை. மேலே கொட்டும் வெளிச்சத்தை அடர்நிறம் உள்வாங்க, கீழே வரும் கொஞ்சத்தை வெளிர்நிறம் பெருக்குகிறது. எல்லா மாடிக்கும் ஒரே அளவாக வெளிச்சம். இதைப் பார்க்கத்தான் நண்பகலில் போகச் சொல்கிறேன். மிலாவை எதிர்ச்சாரியிலிருந்து மாலையில் பாருங்கள், கல் அலையின் நிழல் அப்போதுதான் தெரியும்.

கௌடி அமைத்த பூங்காவான பார்க் குயெல்லுக்குக் காலையில் முதல் நுழைவு நேரத்தை எடுங்கள். லெசெப்ஸ் மெட்ரோவிலிருந்து ஏற்றம் கடுமை, 24-ஆம் எண் பேருந்து மேலேயே விடும். மேலே சதுக்கத்தைச் சுற்றி நெளிந்து ஓடும் நீள இருக்கையில் உடைந்த டைல்ஸும் பீங்கான் தட்டுத் துண்டுகளும் பதித்தவர் ஜுஜோல், கௌடியின் கூட்டாளி. துண்டுகளுக்கு இடையிலுள்ள இடுக்கைப் பாருங்கள்: எங்கும் சமமில்லை, ஆனாலும் கண் எங்கும் தட்டவில்லை. சதுர ஓட்டை வளைவில் ஒட்ட முடியாது, உடைத்தால் ஒட்டும். ஊருக்கு வந்ததும் எங்கள் கோயிலில் கால் கழுவும் தொட்டியின் வளைந்த விளிம்புக்கு, பல வீடுகளில் மிஞ்சிய ஓடுகளை உடைத்து இப்படித்தான் பதித்தேன். அந்தச் சதுக்கத்து மழைநீர், தாங்கி நிற்கும் 86 தூண்களில் பலவற்றின் உள்ளே இறங்கி அடியிலுள்ள தொட்டியில் சேர்வதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குச் சிரமமில்லை. தக்காளி தேய்த்த ரொட்டியும், சுட்ட கத்தரிக்காய் குடமிளகாய் சேர்ந்த எஸ்கலிவாதாவும் விரதக்காரர்களுக்கும் ஆகும். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவு ஒன்பதுக்கு. நம் பிரெஞ்சு அங்கே உதவும். கதலான் மொழி பேசும் அந்த ஊர்க்காரர்களும் ‘மெர்சி’ என்றுதான் நன்றி சொல்கிறார்கள். லா ராம்ப்லா வீதியிலும் மெட்ரோவிலும் பையை முன்னால் மாட்டுங்கள். மெட்ரோக் கதவு மூடும் நேரத்தில் என் மைத்துனரின் பர்ஸ் போய்விட்டது, பாஸ்போர்ட்டை அறையில் வைத்திருந்ததால் தப்பித்தோம்.

கடைசி மாலையை சாந்தா மரீயா தெல் மார் தேவாலயத்துக்கு வையுங்கள். 1329-ல் தொடங்கி 1383-ல் முடித்த கோயில். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் மோன்ஜுயிக் மலையிலிருந்து கல்லை முதுகில் சுமந்து வந்து கொடுத்தார்கள். பிரெஞ்சு ஆளுநர் லபூர்தோனே காலத்தில் நம் தலைநகர் போர் லூயியைக் கட்டப் பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனாரும் தச்சரும் வந்தார்கள் என்று படித்திருக்கிறோம். அவர்கள் முகம் எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. இந்தக் கோயிலின் பெரிய கதவில், கல் சுமந்து குனிந்த இரண்டு சின்ன உருவங்களை உலோகத்தில் வைத்திருக்கிறார்கள். கதவு திறந்திருந்தால் கண்ணில் படாது. மூடும் நேரத்துக்குக் கால் மணி முன்பே போய், வெளியே காத்திருந்து பாருங்கள்.