லீவுக்கு வான் பிடிக்க முதல்: பழைய இடங்கள் பார்க்கப் போகிற குடும்பங்கள் செய்கிற தவறுகள்

போன ஓகஸ்ட் லீவுக்கு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு வான் பிடித்தோம். பதின்மூன்று பேர். திருகோணமலை உவர்மலையில் இருந்து வெளிக்கிடும்போதே காலை எட்டரை. பொலன்னறுவையையும் சிகிரியாவையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதுதான் திட்டம். பொலன்னறுவைக்கு ஹபரணை வழியாக ஏறக்குறைய 130 கிலோமீற்றர், நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு தரிப்பு, பிள்ளைகளுக்கு இரண்டு தரிப்பு, ஆக அங்கே வட்டதாகே என்ற வட்டமான பழைய பௌத்தக் கட்டடத்தின் கல்லில் நாங்கள் செருப்பைக் கழற்றி நின்றது மத்தியானம் ஒரு மணிக்கு. சின்னவன் கால் சுட்டு அழத் தொடங்கினான். அம்மம்மா வானை விட்டு இறங்கவே இல்லை. சிகிரியாவைப் பார்க்காமலே திரும்பினோம். வரும் வழியில் மகள், "அங்க என்னத்தையம்மா பார்த்தனாங்கள்?" என்று கேட்டாள், எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு போன பயணங்களில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரிய தவறு, இடங்களை எண்ணுவது. ஒரு நாளில் நாலு இடம் ஐந்து இடம் என்று போட்டால் இறங்கி ஏறுவதிலேயே நேரம் போய்விடும். ஒரு காலைக்கு ஒரு திசை என்று வையுங்கள், போதும். உதாரணமாக அநுராதபுர வீதியால் போனால் டவுனில் இருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு, பிள்ளைகளை விட்டால் எது கூடச் சூடு என்று தாங்களே ஏழிலும் அள்ளி ஊற்றிக் கண்டுபிடிப்பார்கள். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்ற கதையை அங்கே வைத்தே சொல்லுங்கள். இன்றைக்கும் பெற்றோருக்கு அந்தியேட்டி செய்ய அங்கே வருகிற மரபு உண்டு, அப்படி ஒரு குடும்பம் நின்றால் கொஞ்சம் தள்ளி நின்று அவர்களுக்கு வழி விடுங்கள்.

அதே பக்கமாக இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வெல்கம் விகாரை. கன்னியாவுக்கு வருகிறவர்களில் அநேகம் பேர் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் மிகவும் கவலை. அது ஒரு பௌத்த விகாரை, ஆனால் அங்கே கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் அதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. விளக்கெரிக்கத் தானம் கொடுத்ததைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சிவபக்தனான சோழ அரசனின் பெயரை ஒரு பௌத்தப் பள்ளிக்கு வைத்து, அதற்குத் தமிழர்கள் தானம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் அது நிச்சயம் நாலு கேள்வி கேட்கும். எங்கள் பெரியவன் வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

சரி, வெளியூருக்குப் போக முதல் உள்ளூரிலேயே செய்கிற தவறு ஒன்று. கோணேசர் கோயிலுக்கு நாங்கள் எத்தனை தரம் போயிருப்போம், ஆனால் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற பிரெட்ரிக் கோட்டையின் வாசலில் இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வானில் இருந்தபடியே வாசலைக் கடந்து நேரே மேலே போய்விடுகிறோம். அந்த வாசல் கல்லில் இரட்டை மீன் இருக்கிறது, பாண்டியர் சின்னம். அதன் பக்கத்தில் சிதைந்துபோன தமிழ் எழுத்துகள். "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்குகிற, குளக்கோட்டன் என்ற அரசன் திருப்பணி செய்த கோயிலைப் பறங்கியர், அதாவது போர்த்துக்கீசர், உடைப்பதைச் சொல்கிற பாட்டின் துண்டு அது என்று பெரியவர்கள் சொல்லித்தந்திருக்கிறார்கள். போர்த்துக்கீசர் கோயிலை உடைத்து 1624 இல் இந்தக் கோட்டையைக் கட்டியபோது கோயிலின் கற்களையும் சேர்த்துத்தான் கட்டினார்கள். வாசலில் ஐந்து நிமிடம் நின்று இதைச் சொல்லிவிட்டு மேலே நடந்து போங்கள், பிறகு கோயிலுக்குப் பக்கத்தில் மலைப்பாறை பிளந்து நிற்கிற இராவணன் வெட்டில் நின்று கீழே கடலைக் காட்டி, 1956 இல் சுழியோடிகள் பழைய கோயிலின் தூண்களை அந்தத் தண்ணீருக்குள்தான் கண்டார்கள் என்று சொல்லுங்கள். முதலில் வாசல், கடைசியில் கடல் என்ற இந்த ஒழுங்கில் போனால்தான் கதை பிள்ளைகளுக்குப் பிடிபடும். வழியில் நிற்கிற மான்களுக்குப் பொலித்தீன் பையோடு எதையும் நீட்ட வேண்டாம், பையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

நூதனசாலையைக் கடைசிக்கு வைப்பதும் தவறு. பொலன்னறுவையில் நாங்கள் அதைத்தான் செய்தோம், வெயிலில் களைத்த பிறகு உள்ளே போனதால் பிள்ளைகள் காற்றாடிக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள். இரண்டாம் தரம் போனபோது மாற்றி, நேரே நூதனசாலைக்குப் போனோம். அங்கே பழைய கட்டடங்கள் கூரையோடு எப்படி இருந்திருக்கும் என்று சின்ன மாதிரிகள் செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியே போனால், வெறும் தூண்களாக நிற்கிற இடத்துக்குப் பிள்ளைகள் தாங்களே கூரை போட்டுப் பார்க்கிறார்கள். சோழர் கால வெண்கலச் சிலைகளையும் முதலிலேயே பார்த்துவிடலாம். பிறகு நேரே வானவன்மாதேவி ஈச்சரத்துக்குப் போங்கள், இரண்டாம் இலக்கச் சிவ தேவாலயம் என்று பலகையில் இருக்கும். இராஜராஜனின் அரசி பெயரில் 11 ஆம் நூற்றாண்டில் முழுக்கக் கல்லாலேயே கட்டிய கோயில், உள்ளே இலிங்கம் இன்றைக்கும் இருக்கிறது, சுவரில் தமிழ் எழுத்து. தங்களுக்குத் தெரிந்த ஓர் எழுத்தை யார் முதலில் கண்டுபிடிக்கிறது என்று போட்டி வைத்தோம், மகள் முந்திவிட்டாள்.

திறந்திருக்கும் என்று நம்பிப் போவது இன்னொன்று. திருகோணமலையில் ஹூட்ஸ் டவர் நூதனசாலை கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது, நினைத்த நேரத்தில் போய் இறங்க முடியாது. முதலே விசாரித்து, அனுமதி எடுத்து, பெரியவர்கள் எல்லாரும் அடையாள அட்டையோடு போக வேண்டும். டொக்யாட் வீதியில் ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் இருக்கிற கடற்படை வரலாற்று நூதனசாலைக்குப் போவது அதைவிட லேசு, ஆனாலும் போக முதல் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். பூரணைப் போயா நாளில் விகாரைகள் உள்ள இடங்களில் நல்ல சனம் இருக்கும். கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வந்த சொந்தக்காரர் கூட வருகிறார்கள் என்றால், வெளிநாட்டவருக்கு ரிக்கற் விலை பல மடங்கு கூட என்பதை வீட்டிலேயே பேசிவிடுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையை எடுத்து வரட்டும். கவுண்டரில் நின்று சண்டை பிடித்தால் அந்த நாள் முழுக்க எல்லாருடைய முகமும் கடுகடுவென்றுதான் இருக்கும்.

வெயிலைப் பற்றி எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடும், பிள்ளைக்குத் தண்ணீர் குறைவதே தெரியாது. ஆளுக்கு ஒரு போத்தல், மோர் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாருக்கும் ஒரு சோடி சொக்ஸ் கட்டாயம் எடுங்கள், செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் கல் அடுப்புப்போலச் சுடும், சொக்ஸோடு நடக்கலாம். தோளும் முழங்காலும் மூடுகிற உடுப்பு. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்க வேண்டாம், அது அங்கே கும்பிடுகிறவர்களுக்கு மனம் நோகிற விசயம், சட்டச் சிக்கலும் வரும். பழைய செங்கல் துண்டு ஒன்றைக்கூடப் பிள்ளைகள் பையில் போட விடாதீர்கள்.

நிலாவெளி வீதியில் இருக்கிற போர் மயானத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட கதையைப் பெயர் பொறித்த அந்தக் கற்களுக்கு நடுவில் மெதுவாக நடந்துகொண்டே சொல்லுங்கள். சாப்பாட்டுப் பார்சலை அங்கே பிரிக்க வேண்டாம்.

கடைசியாகத் திரும்பி வருகிற நேரம். பொலன்னறுவையில் இருந்து பின்னேரம் மூன்று மணிக்கு வானை எடுத்துவிட வேண்டும், இன்னும் ஓர் இடம் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் சரி. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் பொழுதுபடுகிற நேரம் யானை ரோட்டுக்கு வரும். கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்க வேண்டாம், வாழைப்பழம் எறிய வேண்டாம், படம் எடுக்க யாரையும் இறங்க விட வேண்டாம், அது காட்டுக்குள் இறங்கிய பிறகு மெல்ல எடுங்கள். இரண்டாம் தரம் போனபோது அப்படித்தான் இருபது நிமிடம் நின்றோம், வானுக்குள் ஒருவரும் பேசவில்லை, சின்னவன் அம்மம்மாவின் கையைப் பிடித்தபடி கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருந்தான்.