துருக்கியின் மாவி கார்ட் எடுப்பது எப்படி? குடியுரிமையை விட்டவர்களுக்கும் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும்

என் மாமியார் கைசேரியில் பிறந்தவர். தன் காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரு தலையணை உறைக்குள் போட்டு அலமாரி மேல் வைத்திருப்பார். ஒருநாள் அதைக் கட்டிலில் கொட்டினார். செல்லாத துருக்கி பாஸ்போர்ட் ஒன்று, ஜெர்மன் குடியுரிமைச் சான்று, மடிப்பில் கிழியத் தொடங்கிய ரோஸ் நிற அட்டை ஒன்று. "இது இன்னும் செல்லுமா பார்த்துச் சொல்லும்மா, பிள்ளைகளுக்கும் எடுக்கலாம் என்கிறார்கள்" என்றார். துருக்கிச் சட்டம் பற்றி அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. நான் யாழ்ப்பாணத்துப் பெண், ஜெர்மனியின் கொலோனுக்கு வந்து துருக்கி வீட்டில் மருமகளானவள். அலைந்து திரிந்து கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். துருக்கிக்காரரைக் கட்டிய நம்மவர்கள் ஐரோப்பாவில் அங்கங்கே இருக்கிறார்கள், யாருக்காவது உதவும்.

முதலில் இது என்ன அட்டை என்று பார்ப்போம். 1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு வேலைக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது. அப்படிப் போனவர்களும் பின்னால் வந்த குடும்பத்தாரும் ஜெர்மன் குடியுரிமை கேட்டபோது, "பழையதை விட்டுவிட்டு வா" என்றது ஜெர்மனி. துருக்கிக்கு இரட்டைக் குடியுரிமையில் பெரிய ஆட்சேபம் கிடையாது, ஜெர்மனிக்குத்தான் ஒத்துவரவில்லை. விட்டுவிட்டால் ஊரில் உள்ள வீடு, நிலம், அப்பா சொத்து எல்லாம் என்னாகும் என்று சனம் பயந்தது. 1995-இல் துருக்கி ஒரு வழி செய்தது. முறைப்படி அனுமதி வாங்கி விலகியவர்களுக்கு, ஓட்டு போன்ற சிலதைத் தவிர, பழைய உரிமைகள் தொடரும் என்று சட்டம் போட்டு ஓர் அட்டை கொடுத்தது. நிறத்தால் அதற்குப் பெம்பே கார்ட், அதாவது ரோஸ் அட்டை என்று பெயர். பிறகு நிறம் மாறி மாவி கார்ட், நீல அட்டை ஆனது. இப்போதைய அடிப்படை 2009-இன் 5901-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அதில் 28-ஆம் பிரிவு. இந்தியாவின் ஓசிஐ அட்டை தெரிந்தவர்களுக்கு அதன் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொன்னால் விளங்கும். ஆனால் ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது, மாவி கார்ட்டில் அந்தத் தடை இல்லை.

படி 1: குடியுரிமை எப்படிப் போனது என்று கண்டுபிடியுங்கள்

இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். நான் தொட்டேன், மூன்று வாரம் வீண்.

அட்டை யாருக்கு என்றால், பிறப்பால் துருக்கிக் குடிமகனாக இருந்து, அரசிடம் விலகல் அனுமதி வாங்கி வெளியேறியவருக்கு. துருக்கி மொழியில் அந்த அனுமதிக்குச் 'சிக்மா இஸ்னி' என்று பெயர். அரசே பறித்திருந்தாலோ, பொய்த் தகவல் கொடுத்ததால் ரத்து ஆகியிருந்தாலோ கிடையாது. கல்யாணம் கட்டியோ விண்ணப்பம் போட்டோ இடையில் துருக்கிக் குடிமகன் ஆகிப் பிறகு விலகியவருக்கும் கிடையாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, இவர்கள்தான் அதிகம் குழம்புவது. ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கிவிட்டார்கள், துருக்கிப் பக்கம் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. "நான் முன்னாள் துருக்கியன்" என்று சொல்லிக்கொள்வார்கள். இல்லை ஐயா, துருக்கித் தலைநகர் அங்காராவைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் முழுக் குடிமகன்! வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததால் மட்டும் துருக்கிக் குடியுரிமை தானாகப் போவதில்லை. உங்களுக்கு மாவி கார்ட் வேண்டாம், நுஃபூஸ் என்கிற குடிப்பதிவேட்டில் பெயரைச் சரிபார்த்தால் போதும். ஆண்களாக இருந்தால் கட்டாய ராணுவ சேவையும் அங்கே காத்திருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

விலகல் சான்று கையில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பதிவேட்டுப் பிரதி எடுக்கலாம். பிறப்பு, கல்யாணம், விலகல் என்று எல்லா நிகழ்வும் வரிசையாக அச்சிட்ட நீளமான பிரதியைக் கேளுங்கள், சுருக்கப் பிரதி உதவாது. எங்கள் வீட்டுப் பிரதியில் மாமியார் 1998-இல் அனுமதியோடு விலகியது ஒரு வரி. அடுத்த வரியில், அப்போது 12 வயதாக இருந்த என் கணவரும் அம்மாவோடு சேர்ந்து விலகியதாகப் பதிவு. அவருக்கே இது தெரியாது. தான் பிறந்ததிலிருந்தே ஜெர்மன்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

படி 2: தலைமுறை எண்ணுங்கள்

2012-இல் சட்டத்தைத் திருத்தி மூன்றாம் தலைமுறை வரை நீட்டினார்கள். விலகியவரின் பிள்ளை ஒன்று, பேரப்பிள்ளை இரண்டு, கொள்ளுப்பேரப்பிள்ளை மூன்று. அதற்கு மேல் கிடையாது. இங்கே ஒரு நுணுக்கம். எங்கள் பிள்ளைகளை மாமியாரிலிருந்து எண்ணினால் இரண்டாம் தலைமுறை. ஆனால் என் கணவரும் பிறப்பால் குடிமகனாக இருந்து பெற்றோரோடு விலகியவர்தான், அவரும் தன் உரிமையிலேயே அட்டைக்குத் தகுதியானவர். ஆகவே அவரிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் முதல் தலைமுறை.

பிள்ளை பிறந்த தேதியையும் பாருங்கள். அப்பாவோ அம்மாவோ விலகுவதற்கு முன் பிறந்த பிள்ளை பிறப்பாலேயே துருக்கிக் குடிமகன், பதிவு செய்யவில்லை என்றாலும் அப்படித்தான். அந்தப் பிள்ளையின் பெயரும் விலகலில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் அட்டைக்கு ஓடக்கூடாது.

மருமகள், மருமகனுக்கு? ஒன்றும் கிடையாது. அட்டை இரத்த வழியில்தான் போகும். நான் வெறும் எடுபிடி.

படி 3: காகிதம்

விண்ணப்பப் படிவம், பயோமெட்ரிக் படம், இப்போதைய நாட்டு பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, வழித்தோன்றல் என்றால் உறவை நிரூபிக்கும் சான்று. பட்டியல் இவ்வளவுதான், சிக்கல் கடைசி ஐட்டத்தில்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். பிள்ளைகளின் சாதாரண ஜெர்மன் பிறப்புச் சான்றை எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் காசு கொடுத்துத் துருக்கி மொழியில் ஆக்கி, காகிதத்தை வெளிநாட்டிலும் செல்லுபடியாக்கும் அப்போஸ்டீல் முத்திரைக்கும் வரிசையில் நின்றேன். எதுவுமே தேவை இல்லை. பிறப்புப் பதிவு அலுவலகமான ஸ்டாண்டஸாம்ட்டில் 'சர்வதேசப் பிறப்புச் சான்று' என்று கேட்டால் பல மொழிகளில் தலைப்பு அச்சிட்ட ஒரு தாள் தருவார்கள். துருக்கிக்காரர்கள் அதை 'ஃபோர்முல் ஆ' என்பார்கள். 1976-இன் வியன்னா உடன்படிக்கைப்படி ஜெர்மனி, துருக்கி இரண்டும் அதை மொழிபெயர்ப்பும் முத்திரையும் இல்லாமல் ஏற்க வேண்டும். அந்த உடன்படிக்கையில் இல்லாத நாட்டில் பிள்ளை பிறந்திருந்தால்தான் அப்போஸ்டீல் கதை.

அப்புறம் பெயர். இது சின்ன விஷயம் போலத் தெரியும், பாதிப் பேர் இங்கேதான் மாட்டுவார்கள். துருக்கி மொழியில் தலையில் புள்ளி வைத்த 'ஐ' ஓர் எழுத்து, புள்ளி இல்லாதது வேறோர் எழுத்து. 'எஸ்' எழுத்துக்குக் கீழே வால் போட்டால் 'ஷ' ஆகிவிடும். இஷிக் என்று ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது, ஒளி என்று அர்த்தம். பழைய ஜெர்மன் தட்டச்சில் வாலும் போய், இல்லாத இடத்தில் புள்ளியும் வந்து 'இஸிக்' ஆகி உட்கார்ந்திருக்கும். காகிதத்தில் இரண்டு பேர். அதோடு கல்யாணத்தைத் துருக்கிப் பக்கம் அறிவிக்காத பெண் அங்கே இன்னும் அப்பா வீட்டுப் பெயரில்தான் இருப்பார். என் மாமியார் கதை இரண்டும் சேர்ந்தது. கல்யாணச் சான்றின் சர்வதேசப் படிவம், பெயர் மாற்றம் நடந்திருந்தால் அதன் சான்று, இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். தாத்தா பெயரில் தொடங்கிப் பேத்தி வரை ஒவ்வொரு கண்ணியையும் மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். எங்கே எழுத்து மாறுகிறதோ அங்கே ஒரு காகிதம் குறைகிறது என்று அர்த்தம்.

படி 4: விண்ணப்பம்

வெளிநாட்டில் இருந்தால் துருக்கித் துணைத்தூதரகம், துருக்கியில் இருந்தால் அந்தந்த வட்டாரக் குடிப்பதிவு அலுவலகம். துணைத்தூதரகத்துக்கு இணையத்தில் நேரம் பதிய வேண்டும். அட்டைக்குச் சிறு கட்டணம் உண்டு, அது மாறிக்கொண்டே இருப்பதால் எண் சொல்லவில்லை. ஒரு வீட்டில் நாலு பேர் என்றால் நாலு பேருக்கும் தனித்தனி நேரம் பதியுங்கள், ஒரே சீட்டில் எல்லோரையும் முடிக்கலாம் என்ற நம்பிக்கை எங்களுக்கும் இருந்தது.

உங்கள் பதிவு நீல அட்டைக்காரர்களுக்கான தனிப் பதிவேட்டில் ஏறும். பெம்பே கார்ட் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், உரிமை அட்டையின் நிறத்தில் இல்லை. ஆனாலும் புதியதாக மாற்றிவிடுங்கள், ரோஸ் காகிதத்தைக் கண்டால் இளவயது அலுவலர்கள் முழிக்கிறார்கள்.

படி 5: அட்டை வந்தபின் என்ன செய்யலாம், என்ன முடியாது

துருக்கியில் வசிப்பு அனுமதி இல்லாமல் தங்கலாம். வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்யலாம். வீடு, நிலம் வாங்கலாம், விற்கலாம், வாரிசாகப் பெறலாம், வெளிநாட்டவருக்கு உள்ள 30 ஹெக்டேர் உச்சவரம்பு உங்களுக்கு இல்லை. தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு தொடர்பான விதிகள் மட்டும் எப்போதும் மேலே நிற்கும்.

முடியாதவை: ஓட்டுப் போடவோ தேர்தலில் நிற்கவோ முடியாது. நிரந்தர அரசு ஊழியர் ஆக முடியாது, ஆனால் அரசு நிறுவனங்களில் தொழிலாளியாகவோ ஒப்பந்தத்திலோ சேரலாம். வண்டி, வீட்டுச் சாமான்களை வரிச்சலுகையோடு கொண்டுவரும் உரிமை இல்லை. ராணுவக் கடமையும் இல்லை, இதை 'முடியாதவை'யில் சேர்ப்பதா என்று என் கணவர் சிரிக்கிறார். ஓய்வூதியத்தில், வெளிநாட்டில் இருந்த நாட்களுக்குப் பணம் கட்டிக் கணக்கில் சேர்க்கும் வசதி உண்டு, ஆனால் துருக்கிக் குடிமகனாக இருந்த காலத்துக்கு மட்டும்.

இது பயண ஆவணம் அல்ல, பாஸ்போர்ட் இல்லாமல் விமானம் ஏற விடமாட்டார்கள். அட்டையைப் பார்த்திராத கவுன்ட்டர்களும் உண்டு. ஒரு வங்கியில் எங்களை வெளிநாட்டவர் வரிசைக்கு அனுப்பி, வசிப்பு அனுமதி எங்கே என்று கேட்டார்கள். 28-ஆம் பிரிவை அச்செடுத்து அட்டையோடு மடித்து வைத்திருங்கள். அந்தத் தாளை நீட்டிய பிறகுதான் மேலாளர் வந்தார், கூடவே தேநீரும்.

படி 6: அட்டையா, திரும்பக் குடியுரிமையா?

2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி பல குடியுரிமையை அனுமதிக்கிறது. விலகல் அனுமதியோடு போனவரைத் துருக்கி, வசிப்புக் கால நிபந்தனை இல்லாமல் திரும்பச் சேர்க்க முடியும். பிறகு எதற்கு அட்டை என்று கேட்கலாம். மகனுக்கு ராணுவக் கடமை திரும்ப வரும் என்பதை யோசியுங்கள். வயதான, ஓட்டுப் போட ஆசைப்படும் என் மாமியார் போன்றவர்களுக்குத் திரும்பச் சேர்வதே நல்லது என்பது என் எண்ணம், பையன்களுக்கு அட்டை போதும்.

ஆனால் 2000 ஜனவரி 1-க்கும் 2024 ஜூனுக்கும் நடுவில் ஜெர்மனியின் அனுமதி இல்லாமல் துருக்கிக் குடியுரிமையைத் திரும்ப எடுத்தவர்கள் கவனம். 2000-க்கு முன், ஜெர்மனியில் வசித்துக்கொண்டே திரும்ப எடுத்தால் ஜெர்மன் குடியுரிமை போகாது என்ற ஓட்டை இருந்தது. விலகு, ஜெர்மன்காரன் ஆகு, அடுத்த மாதமே திரும்பப் போடு, இதுதான் அப்போதைய வழக்கம். அந்தத் தேதியில் ஓட்டையை அடைத்தார்கள். 1999-இல் விண்ணப்பம் போட்டு, அங்காராவின் முடிவு 2000-க்குப் பிறகு வந்தவர்கள்கூட, தங்களுக்கே தெரியாமல் ஜெர்மன் குடியுரிமையை இழந்தார்கள். புதுச் சட்டம் அதைப் பின்னோக்கிச் சரி செய்யவில்லை. உங்கள் கதையில் அந்த வருடங்கள் வந்தால் முதலில் வக்கீலைப் பாருங்கள், துணைத்தூதரகத்தை அப்புறம்.

ஆஸ்திரியாவில் இருப்பவர்கள் திரும்ப எடுப்பது பற்றி நினைக்கவே வேண்டாம். அனுமதியில்லாமல் வேறு குடியுரிமை எடுத்தால் ஆஸ்திரியக் குடியுரிமை போய்விடும். 2017-இல் துருக்கி வாக்காளர் பட்டியல் என்று ஒன்று வெளியாகி, அதில் பெயர் இருந்தால் துருக்கிக் குடியுரிமையைத் திரும்ப எடுத்தவர் என்று சந்தேகித்து நிறையப் பேரிடம் விசாரணை நடந்தது. 2018 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பட்டியல் ஆதாரம் ஆகாது என்று சொல்லும் வரை சனத்துக்கு நிம்மதி இல்லை. அங்கே மாவி கார்ட்தான் சரியான வழி.

அட்டை வந்த பிறகு வீட்டில் பிறப்போ கல்யாணமோ நடந்தால் துணைத்தூதரகத்தில் பதிந்துவிடுங்கள். இருபது வருடம் கழித்துக் கண்ணிகளைத் தேடுவதைவிட அன்றைக்கே ஒரு ஃபோர்முல் ஆ எடுப்பது சுலபம். நான் பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு பிரதி எடுத்துவிட்டேன், ஒன்று எங்கள் கோப்பில், மற்றது மாமியாரின் தலையணை உறையில்.